மலை தெரியுதா?

என் அக்காவுக்கு,

பாண்ட் இன்லெட்டிலிருந்து நம் ஊர் ஆர்க்டிக் பேவுக்கு ஐம்பது நிமிடப் பறப்புதான். ரத்தப்போக்கோடு கிடந்த உன்னை ஏற்றிப்போக விமானம் வந்துகொண்டிருந்தது. ரேடியோவைக் கவனிக்கும் ஒலாயுக் மாமா ஓடுதளத்தில் பனி தள்ளப் போயிருந்தார். ரேடியோ அறையில், பெருக்க வந்த நான் மட்டும். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

“மலை தெரியுதா? தெரிஞ்சாத்தான் இறங்க முடியும்” என்றார் ரேடியோவில் விமானி.

நம் வழக்கம் புரியாத வாத்தியாரிடம் செய்து செய்து, திட்டு வாங்கிப் பள்ளியையே விட்டேனே, அதேபோல, ஆமென்று புருவத்தை உயர்த்தினேன்.

“யாருமில்லையா? அப்ப நான் திரும்பிடறேன்.”

“தெரியுது! திரும்பாதீங்க!”

மாமா ஓடிவந்தார். “ஏய் ஊமைக்கோட்டான், நீயா கத்தினே?”

விமானம் இறங்கி உன்னைக் கொண்டுபோய் நான்கு நாளாகிறது. நீ எப்படியிருக்கிறாய் என்று அம்மாவிடம் கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள். இதைப் படித்ததும் போன் செய், அக்கா. நலமா என்று கேட்பேன். புருவத்தை உயர்த்திவிடாதே, வாய் திறந்து சொல்.

உன் தங்கை