வேதாந்தம் என்கிற செம்பரிதி

தை 21, திங்கள். திருவான்மியூர்

மாசி ஒன்பதில், உலகத் தாய்மொழி நாளன்று, கோட்டூர்புரம் நூலக அரங்கில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். பொருள்: மாந்தப் பெயர்கள். இன்று முழுவதும் குறிப்பெடுத்தேன். ஐசுலாந்தில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். நம் தலைப்பெழுத்துக்கு உறவு. மியன்மாரில் அதுவும் இல்லை. ஒருவர் பெயர் அவரோடு தொடங்கி அவரோடு முடிகிறது. கானாவின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையையே பெயராக இடுகிறார்கள். வெள்ளிக்கிழமைப் பிள்ளை கோஃபி.

முடிவுரைக்குக் கவலையில்லை. “பெற்றோர் இட்ட வடமொழிப் பெயரை அடையாற்றில் எறிந்துவிட்டுச் செம்பரிதியாய்க் கரையேறியவன் நான்.” நாற்பது ஆண்டுகளில் ஒரு மேடையிலும் இந்த வரிக்குக் கைதட்டல் தவறியதில்லை.

மாலையில் மயிலாப்பூரிலிருந்து அக்காள் ஜானு அழைத்தாள். “நான்தான். மாத்திரை போட்டுண்டியோ?” பழைய பெயரைச் சொன்னால் நான் தொலைபேசியை வைத்துவிடுவேன். புதிய பெயர் அவள் வாயில் வராது. ஆகவே நாற்பது ஆண்டுகளாக அவளிடம் எனக்குப் பெயரே இல்லை.

தை 24, வியாழன்

கயல் வந்திருந்தார். 1994-இல் கோட்டூர்புரம் ஆற்றங்கரைக் குடியிருப்பில் நான் நடத்திவைத்த திருமணத்தின் மணமகள். மாலை மாற்றுமுன் மணமக்களுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுவது என் வழக்கம். மணமகன் ரகுபதியிடம் கேட்டபோது, “எங்க நைனா வச்ச பேரு சார், அது கெடக்கட்டும்” என்று சிரித்தபடி மறுத்துவிட்டார். மணமகள் தேவானையை ஒலிவாங்கி முன் கயல் ஆக்கினேன்.

ரகுபதி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றனவாம். இப்போது குடியிருப்பை இடித்து, எல்லாரையும் நகருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்புகிறார்கள். வீடு பெறுவோர் பட்டியல் திருமணத்துக்கு முந்தைய கணக்கெடுப்பின்படி. அதில் இருப்பவர் தேவானை. அட்டைகள் அனைத்திலும் இருப்பவர் கயல். இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்றில்லை.

“வூடு கீது, உள்ள போவத்தான் ஆளு இல்லன்றான் அந்த ஆபீசரு. நான்தான் தேவானைன்னா நம்ப மாட்டேங்கிறாங்கோ. பேரு வச்ச நீங்க வந்து சொல்லுங்க தலைவரே.”

மாசி 5 அன்று குடியிருப்பின் சமூகக்கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் விசாரணை. அதற்குள் நான் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். உடனே இசைந்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

தை 28, திங்கள்

மயிலாப்பூரில் நோட்டரி மெஹபூப் பாஷாவின் அறைக்குக் கயலுடன் சென்றேன். மெஹபூப் என்றால் அரபியில் அன்புக்குரியவர் என்றேன்; “வீட்டுல யாரும் நம்ப மாட்டாங்க சார்” என்றார். பத்திரம் எழுதத் தொடங்கி ஆதார் அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு முறை பார்த்தார்.

“இதுல வேதாந்தம்னு போட்டிருக்கே. யாரு சார், உங்க அண்ணனா?”

பட்டச் சான்று, கல்லூரிப் பணி ஆணை, ஓய்வூதியம் எல்லாம் அப்பெயரில்தான் என்றேன். அரசிதழில் மாற்ற நேரம் வாய்க்கவில்லை என்றேன். நாற்பது ஆண்டுகளாகவா என்று அவர் கேட்கவில்லை.

கயல் கேட்டது வேறு. “நீங்க சொன்னீங்கோன்னு நான் எல்லாத்தையும் மாத்திக்கினேன். ரேசன் கார்டு, ஓட்டு அட்டை, பேங்க்கு. ஒவ்வொண்ணுக்கும் நாயா அலைஞ்சேன். நீங்க மாத்திக்கலையா?”

குற்றம்சாட்டும் குரல் அன்று. தெரிந்துகொள்ள விரும்பியவரின் குரல்.

பத்திரத்தில் ‘வேதாந்தம் என்கிற செம்பரிதி’ என்றே எழுத வேண்டும், கூடத்திலும் அப்படித்தான் அழைப்பார்கள் என்றார் பாஷா. நாளை வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

தை 29, செவ்வாய்

போகவில்லை.

தை 30, புதன்

பாஷாவிடம் தொலைபேசியில் கேட்டேன்: திருமணத்துக்கு வந்தவர் வேறு எவரேனும் கையெழுத்திடலாகாதா? “போடலாம் சார். ஆனா பேரு வச்சவரு உயிரோட இருக்காரு, ஏன் வரலைன்னு ஆபீசர் கேப்பாரு.”

விசாரணைக்கும் என் உரைக்கும் நான்கே நாள் இடைவெளி. இரண்டும் கோட்டூர்புரத்தில். செய்தி நடந்தே போய்ச் சேர்ந்துவிடும் தொலைவு.

என்ன பெரிய உரை? ஒரு பொம்பளைக்கு வீடு போறது, நான் இங்க கைதட்டல எண்ணிண்டு உக்காந்திருக்கேன் —

ரகுபதியிடம் கேட்டேன், அவர் மறுத்தார். அது தெளிவாக நினைவிருக்கிறது. கயலிடம் கேட்டேனா? துருவித் துருவிப் பார்த்தேன். இல்லை. தலை குனிந்து நின்றார். அதை இசைவு என்று எடுத்துக்கொண்டேன்.

மாசி 2, வெள்ளி

கையெழுத்திட்டேன்.

மாசி 5, திங்கள்

கூடத்தில் இருநூறு பேர் இருக்கலாம். அலுவலர் ஒலிவாங்கியில், “வேதாந்தம் யாரு? வேதாந்தம்?” என்றார். இரண்டாம் அழைப்பில் எழுந்தேன். பின்வரிசைப் பேச்சு முழுவதும் காதில் விழுந்தது.

“இன்னாடா, செம்பரிதி அய்யாதான அது?”

“பழைய பேரை ஆத்துல போட்டுட்டேன்னு சொல்வாரே.”

“வெள்ளத்துல திரும்பி வந்துகீது போல.”

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன்: நான் வேதாந்தம். முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் இதே குடியிருப்பில் இவர் பெயரை மாற்றியவன். இவர் தேவானை, என் சொல்லை நம்பிக் கயல் ஆனவர். குரலை உயர்த்தவில்லை. அலுவலர் எழுதிக்கொண்டு அடுத்த பெயரை அழைத்தார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். யாரும் கைதட்டவில்லை.

வெளியே வந்ததும், அன்று உங்களைக் கேட்காமல் மாற்றிவிட்டேன் என்றேன். கயல் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “வுடுங்க. நல்ல பேருதான். எங்க அத்தை மட்டும் சாவற வரைக்கும் தேவானைன்னே கூப்ட்டுக்கினு இருந்துச்சு. அது கூப்ட்டா திரும்பிப் பாத்துருவேன். அதுக்குப் போயி சண்டை போடுவாங்களா?”

மாசி 9, வெள்ளி

உரை நிகழ்ந்தது. ஐசுலாந்தும் அக்கான் மக்களும் அவையினர்க்குப் பிடித்திருந்தனர். அடையாற்று வரியை அடித்துவிட்டேன். அவ்விடத்தில் வேறொன்றையும் எழுதவில்லை. முன்வரிசையில் சிலர் அதற்காகக் காத்திருந்தது தெரிந்தது. இரண்டு நிமிடம் முன்னதாகவே அமர்ந்தேன்.

மாசி 14, புதன்

கயல் அழைத்தார். ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்துவிட்டது. ‘தேவானை என்கிற கயல்’. ஏழாவது மாடி, மின்தூக்கி மனம் வைத்தால்தான் நகருமாம்.

மாலையில் மயிலாப்பூருக்கு நானே தொலைபேசினேன். எப்போதும் அவள்தான் அழைப்பாள். யாரு என்று கேட்டாள்.

“வேது” என்றேன்.

அந்தப் பக்கம் மின்விசிறியை நிறுத்தும் ஓசை கேட்டது.

“மாத்திரை போட்டுண்டியோ, வேது?”

“போட்டுண்டேன்.”