மூன்றாவது ஓட்டைப் படகு

நாத்தனாராக வாய்த்து, கடைசியில் இந்த வீட்டில் எனக்கு மிஞ்சிய ஒரே பேச்சுத் துணையாக இருந்த கோமதிக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. கூடத்து மேசையை முந்தாநாள் வரை நான் தொடவில்லை. நம் கடைசி ஆட்டத்தின் சீட்டுகள் நாம் விட்ட இடத்திலேயே கிடந்தன. மேலே உன் அண்ணனுடைய பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தேன். மேசைப் பக்கம் போகக் கூடாது என்று வேலைக்கு வரும் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. என்னிடம் யார்தான் எதைக் கேட்கிறார்கள்?

சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. உளுந்து முளைத்திருக்கிறதாம், குத்தகைக்காரர் வந்து சொன்னார். போய்ப் பார்க்கக் காலில் தெம்பில்லை. கீழ்வேளூர் கடைத்தெருவுக்குக்கூட நான் போய் நாளாகிறது. மூன்று மணிக்குக் காப்பி கலந்தால் கை தானாக இரண்டு டம்ளர் எடுக்கிறது. ஒன்றைத் திரும்ப வைப்பதற்கே அலுப்பாக இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கப்போகும் உறவுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். உன் மகள் வனிதா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த விளையாட்டு அது. பெட்டிமேல் துறைமுகப் படம் இருந்ததால் நாம் அதைத் 'துறைமுகம்' என்றோம். ஆளுக்குப் பத்துச் சீட்டு: ஏழு துடுப்பு, மூன்று ஓட்டைப் படகு. துடுப்புகளைக் காட்டி நடுவிலுள்ள சந்தையில் கப்பல், கிடங்கு, தீவு என்று வாங்கலாம். வாங்கியது நம் கட்டில் சேரும். கட்டு தீர்ந்ததும் கலைத்து, மறுபடி ஐந்தைந்தாக எடுக்க வேண்டும். ஓட்டைப் படகால் ஒரு பிரயோசனமும் இல்லை. கையில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 'உலை' என்ற சீட்டை வாங்கினால் வேண்டாததை எரிக்கலாம். எரித்ததற்கு ஈடாக ஒரு புதுச் சீட்டு கைக்கு வரும். எரித்தது பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். ஆட்டம் முடியும்வரை திரும்பாது.

ஆங்கில விதிப் புத்தகத்தை நான்தான் உனக்குப் படித்துச் சொன்னேன். கான்வென்டில் படித்தவள் அல்லவா? விதியைப் படித்தவள் நான், விளையாட்டைப் புரிந்துகொண்டவள் நீ.

நான் எடுத்த எடுப்பிலேயே பெரிய கப்பலுக்குப் பாய்வேன். நீ முதலில் உலையை வாங்கி, ஓட்டைப் படகுகளை ஒவ்வொன்றாகத் தொலைப்பாய். பாதி ஆட்டத்தில் என் கட்டு தலையணை மாதிரி வீங்கியிருக்கும், உன்னிடம் பன்னிரண்டோ பதின்மூன்றோ சீட்டுதான்.

"கப்பல் வாங்கி என்ன அண்ணி, கைக்கு வந்தாத்தானே? அந்தக் கும்பல்ல அது எப்ப வர்றது?"

"இருப்பதை எரிக்க எனக்கு மனசு வராது."

"இதென்ன நீங்க சீதனமா கொண்டுவந்ததா? சும்மா குடுத்த குப்பை. எரிங்க."

கடைசிவரை நான் ஒன்றைக்கூட எரிக்கவில்லை. வெற்றிப் புள்ளி தருவது தீவுதான், ஆனால் நடு ஆட்டத்தில் அதுவும் வெறும் சுமை. எப்போது தீவு வாங்கத் தொடங்குவது என்பதில் உன்னை யாரும் மிஞ்ச முடியாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் வாய்க்காலுக்கு எத்தனை நாளில் வரும் என்று கணக்குப் பார்த்து நாற்று விடுகிற வீட்டில் பிறந்தவள். வெற்றிகளைக் குறித்துவைக்கும் நம் நோட்டில் மூன்று ஆட்டத்துக்கு இரண்டு உன் பெயரில்தான் இருக்கிறது.

அந்தக் கடைசி ஆட்டத்தன்று மட்டும் என் கை அபூர்வமாக ஓடியது. என்னிடம் நான்கு தீவு, உன்னிடம் இரண்டு. அப்போதுதான் உன் கையில் ஓர் ஓட்டைப் படகு வந்தது.

"மூணையும் எரிச்சாச்சுன்னியே, இது எங்கேருந்து வந்தது?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்?"

"ரெண்டை எரிச்சுட்டு மூணுக்குப் புதுச் சீட்டு எடுத்திருக்கே."

நீ என்னையே பார்த்தாய். "டப்பாவைத் திறந்து பாருங்க அண்ணி."

"பார்க்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும்."

நாற்பது வருடத்தில் இந்த வாக்கியத்தை உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? நீ சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாய். "தலையைச் சுத்துது, கொஞ்சம் படுக்கறேன்" என்று உள்ளே போனாய். கோபத்தில் போகிறாய் என்று நினைத்தேன். நானும் வீம்புக்கு எழுந்திருக்கவில்லை. காப்பியைக் குடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கோமதி. பிறகுதான் வந்து பார்த்தேன். எதிர்க் கடை மும்தாஜ்தான் கார் பிடித்தாள். நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உனக்கு நினைவு தப்பிவிட்டது, திரும்பவேயில்லை.

அந்த அரை மணியைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதோடு விட்டேனா? துக்கத்துக்கு வந்திருந்த வனிதா, "அம்மா கடைசியா என்ன அத்தை பண்ணிட்டிருந்தாங்க?" என்று கேட்டாள். "கடைசி ஆட்டத்திலும் திருட்டு ஆட்டம்தான் உன் அம்மா" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னாள். இப்போது நம் உறவில் உன் பெயரை எடுத்தாலே முதலில் அதைத்தான் சொல்கிறார்கள்.

முந்தாநாள் காலை வனிதா போன் செய்தாள். தெரிந்தவர் ஒருவர் சிங்கப்பூர் திரும்புகிறாராம், அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொடுத்தனுப்ப முடியுமா என்றாள். அம்மா ஞாபகமாக வேண்டுமாம். குறைந்த சீட்டோடு ஒரு பெட்டியை அனுப்புகிறவள் இல்லையே நான். அனுப்புவதென்றால் எண்ணித்தான் ஆக வேண்டும்.

வேட்டியை எடுத்தேன். முதலில் டப்பா. உள்ளே ஓட்டைப் படகு மூன்று இருந்தது. மூன்றையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். பிறகு உன் கட்டு. அதில் ஒன்று. கடைசியாக என் கட்டை எண்ணினேன். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான்.

என் கண் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மும்தாஜைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன்.

"மூணு, ஒண்ணு, ரெண்டுக்கா."

"மறுபடி எண்ணு."

"எத்தன தடவ எண்ணினாலும் அதான் வரும். என்னக்கா ஆச்சு?"

என்ன ஆயிற்று என்று எனக்குப் புரிந்துவிட்டது. சிக்குன்குனியா வந்துபோனதிலிருந்து உன் விரல்கள் மடங்குவதில்லை. உன் கட்டையும் நான்தான் கலைத்துக் கொடுப்பேன். இரண்டு கட்டும் என் கைக்குள்தான் இருந்தன. எந்த முறை, எப்படி நழுவியதோ, என் ஓட்டைப் படகு உன்னிடம் போய்விட்டது. என் கை அன்று ஓடியதற்கும் அதுவே காரணம். உன்னால் ஒரு சீட்டை மாற்றியிருக்கவே முடியாது, அந்த விரல்களை வைத்துக்கொண்டு. அதை ஏன் நீ சொல்லவில்லை? நான் கலைக்கும் அழகை நான் எவ்வளவு மெச்சிக்கொள்வேன் என்று தெரிந்து சொல்லாமல் இருந்தாயா? இல்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாயா?

அன்று மாலையே வனிதாவை அழைத்தேன். "உன் அம்மா திருடவில்லை. தப்பு என்னுடையது" என்று எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அரை மணியையும் சேர்த்து. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "பெட்டி அங்கேயே இருக்கட்டும் அத்தை. ஜூன்ல லீவுக்கு வரேன். என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க" என்றாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. அதைக் கேட்கும் தகுதி எனக்கில்லை.

உறவுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லத் தெம்பில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். நோட்டில் அன்றைய வரி காலியாக இருந்தது. உன் பெயரை எழுதிவிடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன். ஆனால் தானமாகக் கொடுத்த வெற்றியை நீ வாங்கமாட்டாய். 'ஆட்டம் செல்லாது, பிழை அண்ணியுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வனிதா வரட்டும். அவள் கட்டை அவளே கலைக்கட்டும். முதல் சுற்றில் நான் கப்பலுக்குப் போகமாட்டேன், உலையைத்தான் வாங்குவேன். என் ஓட்டைப் படகுகள் மூன்றையும் என் கையாலேயே எரிப்பேன், கோமதி. டப்பா திறந்தே இருக்கும்.

பார்க்காமலே தெரியும் என்று சொன்ன
உன் அண்ணி,
சரோஜினி