படத்துக்காகத் தூக்கிய பெட்டி

நேற்று சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறும்போது உலர்பனிப் புகையை விட்டார்கள். அது படியிறங்கி முன்வரிசைக் காலடி வரை வந்தது. எல்லோரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன், தங்கச்சி. இதே போன்ற வெண்புகையைப் படம் பிடிக்கத்தான் உன்னைக் கொன்றார்கள்.

செய்தியாளனாக இத்தனை வருடமும் 'கொன்றார்கள்' என்ற சொல்லை நீதிமன்றம் சொன்ன பிறகே எழுதியிருக்கிறேன். உனக்கு எழுதும்போது அந்தக் கட்டுப்பாடு வேண்டியதில்லை.

பாடாங் மேஹா தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நீ. கூலிம் தொழிற்பேட்டையில் நீ வேலை செய்த ஆய்வுக்கூடத்துக்கு ஒருமுறை செய்தி எடுக்க வந்தேன். நகமளவு கண்ணாடிச் சில்லு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாய். அதற்குள் முடியைவிட மெல்லிய வாய்க்கால்கள். உயிரணுக்களை உறைய வைக்கும்முன் காப்பு மருந்து சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பனி ஊசி ஊசியாக வளர்ந்து அணுவைக் கிழித்துவிடும் என்றாய். மருந்தையும் ஒரேயடியாக ஊற்றக்கூடாதாம். இந்த வாய்க்காலில் போனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருமாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. அதை முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாய்.

"குளிரு கொல்றதில்லண்ணே. அவசரந்தான் கொல்லுது. நீங்க டெட்லைன்ல எழுதுற மாதிரி."

பிறகு உனக்கே இரத்தப் புற்றுநோய் வந்தது. புது இரத்தத்தை உண்டாக்கும் உன் குருத்தணுக்களை எடுத்து, நீ உருவாக்கிய சில்லு வழியாகவே செலுத்தி, குப்பிகளில் உறைய வைத்து, ஓர் உயிரணுச் சேமிப்பு மையத்தின் திரவ நைட்ரஜன் தொட்டியில் வைத்தார்கள். புற்றை அழிக்கக் கொடுக்கும் கடும் மருந்து முடிந்ததும் அவை உன் உடம்புக்குத் திரும்ப வேண்டும். அந்த வாரமே ஒரு குப்பியைச் சோதித்தார்கள். அணுக்கள் நன்றாக உயிரோடிருந்தன.

அந்த மையத்துக்குப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். உள்ளூர்ப் பெண்ணின் சாதனை என்று காட்ட உன் குப்பிகள் இருந்த பெட்டியையே தேர்ந்தெடுத்தார்கள். மூடியைத் திறந்து, பெட்டியைத் தொட்டிக்கு மேலே தூக்கி, புகை வழிய ஒரு படம். விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை. வெளியே சூடேறியது, உள்ளே உறைந்தது, மறுபடி சூடேறியது.

கடும் மருந்துக்கு முன் இன்னொரு குப்பியைச் சோதித்த மருத்துவர், அணுக்கள் பெரும்பாலும் செத்துவிட்டன என்றார். மறுபடி எடுக்க உன் உடம்பில் தெம்பில்லை. அணுக்கள் இல்லாமல் கடும் மருந்தும் கொடுக்க முடியாது. நாளிதழில் வந்த அந்தப் படத்தைக் கொண்டுவரச் சொன்னாய். திறந்து கிடந்த தொட்டியை விரலால் தொட்டுக் காட்டினாய்.

"எல்லாரும் நல்லா சிரிச்சிருக்காங்கண்ணே."

மையம் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டது. எந்தத் தொழில்நுட்பத்தில் கோளாறு? உன் சில்லு தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. உங்களுக்குப் படம் எடுத்துக்கொள்ள வேறு எதுவுமே கிடைக்கவில்லையா என்று மையத்தாரிடம் கேட்டேன்.

போன மாதம் அதே மையம் செய்தியாளர்களை அழைத்தது. போனேன். அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு மூடியில் கை வைத்தார். திறக்காதீர்கள் என்றேன்.

"ஒரு படத்துக்குத்தானே லா, அண்ணே," என்றான் ஒரு படக்காரன்.

"உள்ள இருக்கறது யாரோட உயிருன்னு ஒனக்குத் தெரியுமா, தம்பி?"

அதிகாரி கையை எடுத்துக்கொண்டார். மூடிய இரும்புத் தொட்டியைத்தான் படம் பிடித்தார்கள். பார்க்க ஒன்றுமில்லாத படம். மறுநாள் எந்தப் பத்திரிகையும் அதைப் போடவில்லை.

அடுத்த தடவை என்னை அழைக்கமாட்டார்கள். அழைக்காமலே போவேன்.