முதல் பரிசு வாங்கிய அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலம்தானே? உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நலம், என் மதிப்பெண்தான் படுத்துவிட்டது.

கல்லூரி எழுத்து வகுப்பில், வீட்டில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பள்ளி நாட்களில் நீங்கள் நோட்டைப் பிடித்து உட்கார்ந்து என்னை உருப்போட வைத்த, எனக்கு முதல் பரிசும் வாங்கித் தந்த ‘என் தந்தை’ கட்டுரையை அப்படியே இறக்கினேன். முன்னுரை, முடிவுரை, சிவப்பு அடிக்கோடு எல்லாம் இருந்தன.

"தம்பி, இது யாரோட அப்பா?" என்றார் ஆசிரியை.

"எங்க அப்பாதான் மேடம். லாரி ஓட்டுறார்."

"தியாகம், ஒழுக்கம் எல்லாம் இருக்கு, லாரியக் காணோமே. வண்டியில ஏறினதும் முதல்ல என்ன செய்வார்?"

எனக்குத் தெரியவில்லை. வகுப்பே சிரித்தது. வழக்கமாக அவர்களைச் சிரிக்க வைப்பவன் நான்.

ஒருமுறை உங்கள் வண்டியில் ஏறப் பார்த்தேன். "உனக்கு இங்க என்னடா வேலை? போய்க் கட்டுரையப் படி" என்று இறக்கிவிட்டீர்கள். எந்தக் கட்டுரை என்று உங்களுக்கு நினைவிருக்கும்.

மாதக் கடைசிக்குள் திருத்தித் தராவிட்டால் இந்தப் பாடத்தில் தேற மாட்டேன். ஏறியதும் என்ன செய்வீர்கள் அப்பா? அம்மாவை எழுதச் சொல்லாமல் நீங்களே எழுதுங்கள். முன்னுரை வேண்டாம்.

விடுதியில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

உங்களைப் பார்க்காமலே எழுதிப் பரிசு வாங்கிய
மகன்