பரிமளாவுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

1997 பிப்ரவரி 6, வியாழன்

இன்று பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். வந்தவர்கள்: பாஸ்டரம்மா, சின்னம்மாள் அக்கா, கிரேஸ் டீச்சர், பட்டு ஸ்டோர் கணக்குப்பிள்ளையின் மனைவி சிவசங்கரி, நான். காத்தாயி அம்மாவும் வந்தார். முதல் பாட்டிலேயே தூங்கிவிட்டதால் அவரைப் பாதி என்று போடுகிறேன். ஆக ஐந்தரை பேர்.

வருடப் பிறப்பு ஆராதனையில் ஒரு தீர்மானம் எடுத்தேன். இந்த வருடம் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவதில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. வேதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தே படித்தவள். ஆனாலும் கணக்கு எழுதுவதில் குறை வைக்க மாட்டேன். நோட்டில் மூன்று கட்டம் கிழித்திருக்கிறேன்: யாரைப் பற்றி, யாரிடம், மன்னிப்புக் கேட்டது. ஜனவரியில் பதினொன்று. போன வருடம் எழுதியிருந்தால் நோட்டு போதாது.

இன்று ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுப் பரிமளாவுக்காக எல்லோரும் ஜெபிக்கும்படி ஒரு ஜெபக்குறிப்பு மட்டும் கொடுத்தேன். அது இந்தக் கணக்கில் சேராது. பெயர்கூடச் சொல்லவில்லை. "முந்தானையில மயில் போட்டு நெய்யுறதுல பேர் வாங்கின ஒரு சகோதரருக்குக் கை நடுங்குது. மூணு மாசமா அவரு சம்சாரம்தான் கதவைச் சாத்திகினு அவருக்குப் பதிலா நெய்யுது. மொதலாளிக்குத் தெரியாது, பாவம்" என்றேன். அவ்வளவுதான்.

காத்தாயி அம்மா விழித்துக்கொண்டு, "யாரு, நம்ம பரிமளா வீட்டுக்காரு ஜெயவேலா?" என்றார்.

அப்படியானால் ஆறு பேர்.

பிப்ரவரி 7

பரிமளா என்னிடம் என்ன சொன்னாள்? "உங்க சாமிகிட்ட மட்டும் சொல்லுங்கக்கா." மட்டும் என்றாளா? என்றாள் என்றுதான் ஞாபகம்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் பட்டு ஸ்டோர் முதலாளியின் ஆள் ஜெயவேல் வீட்டுக்கு வந்தான். தறியில் இருந்தது கல்யாணப் புடவை. நெய்தவரைக்கும் அறுத்து எடுத்தான், மீதிப் பாவு நூலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஜெயவேலின் கைக்கென்று கொடுத்த புடவையாம், வேறு கை பட்டால் ஆகாதாம். அந்த "வேறு கை" இத்தனை நாள் நெய்ததில் ஒரு குறை அவர்கள் கண்ணில் பட்டதா?

எப்படிப் போனது விஷயம்? சிவசங்கரி வீட்டுக்காரரிடம் சொன்னாளாம். அவர் முதலாளியிடம் சொன்னாராம். கேட்டால், "நானும் ஜெபத்துக்குத்தான்கா சொன்னேன்" என்கிறாள். அவளை நான் என்ன சொல்ல? எந்த வாயால் சொல்ல?

குழாயடியில் பரிமளா இருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உங்க சாமி பதில் சொல்லிட்டாருக்கா. ஜல்தியாவே சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 11

இவர் சாயப்பட்டறையிலிருந்து வந்தார். முழங்கை வரை குங்கும நிறம். விஷயம் பட்டறை வரைக்கும் போயிருக்கிறது.

"ஊருக்கு எதனா தெரியணும்னா இனிமே தண்டோரா போடத் தேவையில்லடி. உன்னைக் கூப்ட்டு, ஜெபம் பண்ணிக்கோம்மான்னா போதும்."

"பேஜார் பண்ணாதீங்க. நானே நொந்துகினு இருக்கேன்."

"நீ நொந்துகினு இருக்க. அந்தப் பொண்ணு இன்னா பண்ணிகினு இருக்குது?"

ரசத்தை ஊற்றினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

உபவாசம். முழங்காலில் இருந்து அழுதேன். ஆண்டவரே, என் நாவை எடுத்துப்போடும் என்றுகூடச் சொன்னேன். அழுது முடித்ததும் நல்ல பசி. சாயங்காலம் பாஸ்டரம்மாவிடம் போனேன். "ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா. நீயே திரும்பத் திரும்பத் தோண்டி எடுக்காத" என்றார். வரும்போது லேசாக இருந்தது. எதிர்வீட்டுக் கதவைப் பார்த்ததும் மறுபடி பாரம்.

பிப்ரவரி 15

பெரிய வெட்கம். காலையில் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். அறுந்த இழை முடிய ஒத்தாசைக்குப் போனேன். நல்ல மனதோடுதான் போனேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் முனியம்மாள். நடுவில் நூல். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா? சிவசங்கரிக்கு நாக்கு எவ்வளவு நீளம் என்று, பாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் சொல்லி முடித்தேன். கேட்டவர்கள் நான்கு பேர். புறங்கூறுகிறாள் என்று ஒருத்தியைப் புறங்கூறியிருக்கிறேன்! ஆண்டவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

சிரிக்கிற விஷயமா இது? நாற்பத்திரண்டு வயதாகிறது. பதினாறு வருடமாக விசுவாசி. ஒரு சின்ன நாக்கு அடங்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஜெபக்கூட்டம் கிரேஸ் டீச்சர் வீட்டில். சின்னம்மாள் அக்கா ஒரு ஜெபக்குறிப்பு கொடுத்தார்: "நம்ம நடுவுல ஒரு சகோதரி, நாவை அடக்க முடியாம இருக்காங்க. பேரு வேணாம்." எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும், நானும் மூடவில்லை.

சரியாக இரண்டு நிமிடம் ஜெபித்தார்கள். காது எரிந்தது. பெயர் சொல்லாமல் சொன்னால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிப்ரவரி 22, சனி

நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஜனவரி முதல் இன்று வரை பத்தொன்பது. பரிமளாவை எழுதவே இல்லை. ஜெபக்குறிப்பு என்று விட்டிருந்தேன். இப்போது எழுதினேன். இருபது.

மூன்றாவது கட்டத்தைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டது: ஆண்டவரிடம், ஆண்டவரிடம், மேற்படி, மேற்படி. கீழே வரைக்கும் மேற்படிதான். இருபது பேரில் ஒருவரிடம்கூட நான் போகவில்லை. ஆண்டவருக்குத்தான் கோபம் வராது, வாசலில் நிற்க வைக்க மாட்டார், குழாயடியில் எதிரே வர மாட்டார். அதனால்தான் தினமும் அவரிடமே போனேனா?

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நேராக எதிர்வீடு. பரிமளா காலித் தறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயவேல் என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"தப்புப் பண்ணிட்டேன் பரிமளா."

"தெரியுங்க்கா."

"மொதலாளிகிட்ட நானே போய்ப் பேசட்டுமா? நீ நெய்யுறது எப்படின்னு—"

"யக்கா!" கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "நீங்க பேசிச் சரிபண்ண வேணாம். உங்களுக்குப் புண்ணியமாப் போவும், சும்மா இருங்க."

அப்புறம் துணியைப் பிழிந்தாள். "அவருக்கு மொதலாளி வேலை போனதுகூடப் பெருசு இல்லக்கா. கை நடுங்குறது ஊருக்கே தெரிஞ்சிட்டுதேன்னுதான் ரெண்டு வேளையா சாப்பிடல."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். 'மன்னிச்சிடு' என்ற சொல்லை மட்டும் சொல்லாமல் வந்திருக்கிறேன். முதலாளி, நெசவு, நியாயம் எல்லாம் பேசினேன். அதைத் தவிர.

மார்ச் 9

வீட்டைப் பூட்டிக்கொண்டு பரிமளாவின் அண்ணன் ஊரான போளூருக்குப் போய்விட்டார்கள். நான் ஆராதனையில் இருந்தேன்.

மார்ச் 17

கிரேஸ் டீச்சரிடம் போய், ஜனவரியில் அவரைப் பற்றிச் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதை நீதான் சொன்னியா?" என்றார். அதுவரை அவருக்கு அது தெரியாது. ஒரு வாரம் பேச மாட்டார். போகட்டும்.

சிவசங்கரியிடமும் போனேன். அவள் அழுதுவிட்டாள். நானும்.

ஏப்ரல் 10, வியாழன்

ஒருத்தி வந்து ஒரு விஷயம் சொல்லி ஜெபிக்கச் சொன்னாள். கூட்டத்தில் என் முறை வந்தபோது, "எனக்காக ஜெபியுங்க, வாய் ஊறுது" என்றேன். சிரித்தார்கள். என்ன விஷயம் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 26

இரண்டு தடவை தவறினேன். இரண்டு வீட்டுக்கும் போய்வந்தேன். கால் வலி. இப்படிக் கால் வலித்தால் வாய் தானாகக் குறையும் போல.

மே 4, ஞாயிறு

இவர் பஸ் ஸ்டாண்டில் ஜெயவேலைப் பார்த்திருக்கிறார். பரிமளா போளூரில் அண்ணன் தறியில் நெய்கிறாளாம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அவளுடைய பெயரிலேயே புடவை போகிறதாம். "பாரு, உன்னாலதான் நல்லதாப் போச்சு" என்று இவர் கிண்டல். இல்லை. அவளுக்கு நல்லது நடந்ததை என் தப்பில் கழிக்க முடியாது. ஜெயவேல் ஊருக்குள் வராமல் பஸ் ஸ்டாண்டோடு திரும்பிவிட்டாராம்.

விலாசம் வாங்கி வந்திருந்தார். இதைத்தான் எழுதினேன், நாளைத் தபாலில் போகும்:

பரிமளாவுக்கு, அக்கா எழுதுவது. நீ நம்பிச் சொன்னதை நான் ஐந்து பேரிடம் சொன்னேன். ஜெபம் என்று சொன்னேன். ஜெபம் இல்லை, சொல்வதில் இருந்த ருசி. உன்னையும் ஜெயவேலையும் தலைகுனிய வைத்தேன். என்னை மன்னித்துவிடு. முடியாது என்றாலும் எழுது, நியாயம்தான். அவர் கைக்காகத் தினமும் ஜெபிக்க ஆசை. நீ சொல்லாமல் இனி உன் பெயரை எங்கேயும் எடுக்க மாட்டேன், ஆண்டவரிடம்கூட. ஜெபிக்கலாமா, வேண்டாமா? சீக்கிரம் பதில் போடு.