செருப்புக் கடையில் ஆறு வாரம்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நான் அழுவேன், நீ திட்டுவாய், நடுவில் வாடிக்கையாளர் வந்துவிடுவார் என்று நீதான் கடிதம் எழுதச் சொன்னாய். அதனால் நிதானமாகக் கேட்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

உளவியலும் வணிக நிர்வாகமும் சேர்ந்த என் படிப்பில் இது கடைசி வருஷம். உளவியல் துறைக்குப் போனால், "நீ வியாபாரத் துறைப் பொண்ணாச்சே" என்கிறார்கள். அங்கே போனால், மனசைப் படிக்கிற பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்கிறார்கள். மூன்று வருஷமாக இரண்டு வீட்டிலும் விருந்தாளியாகவே இருக்கிறேன். இப்போது ஒரே ஓர் ஆய்வு செய்து, அதை இரண்டு துறையும் ஏற்க வேண்டும். ஒரு துறை தள்ளிவிட்டாலும் பட்டம் கிடையாது.

எனக்கு உன் செருப்புக் கடை ஆறு வாரம் வேண்டும். திங்கள், புதன், வெள்ளி வழக்கம்போல் நடக்கட்டும். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும், உள்ளே வருபவர் தாமாகக் கூப்பிடும்வரை யாரும் அவர் பக்கத்தில் போகக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று குறித்து அனுப்பினால் போதும்.

உன் வாலு

ஜனவரி 14

வாலுவுக்கு அக்கா எழுதுவது.

கடைக்கு வந்தவரைக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்கா மூன்று வருஷம் படித்தாய்? அதை எதிர்க் கடைக்காரர் படிக்காமலே நன்றாகச் செய்கிறார்.

என் முறை உனக்குத் தெரியும். வந்தவரை உட்கார வைத்து, காலில் இருப்பதைக் கழற்ற வைத்துவிட வேண்டும். வெறுங்காலோடு யாரும் வெளியே ஓட மாட்டார்கள். ஒன்பது வருஷமாகக் கடை அப்படித்தான் ஓடுகிறது, உன் படிப்பும் அதில்தான் ஓடுகிறது.

சரி, செய்கிறேன். நம் விற்பனையாள் ஒட்டடைக்குச்சியிடம் சொன்னேன். மூன்று நாள் சும்மா நிற்கலாம் என்றதும் அவன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். ஆனால் ஒன்று. இது தேறாவிட்டால் இன்னொரு வருஷம் என்று என்னிடம் வரக் கூடாது. நேரே வந்து கல்லாவில் உட்கார வேண்டும். எனக்கும் ஆள் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. போன தடவை கழுத்தெலும்பு தெரிந்தது.

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய தாள்களைக் கூட்டிப் பார்த்தேன். கண்டுகொள்ளாமல் விட்ட நாட்களில் வியாபாரம் குறையவே இல்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது! உளவியல் பேராசிரியை முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். வணிகத் துறைப் பேராசிரியர் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். இருபதாம் தேதி சமர்ப்பிக்கிறேன்.

ஒன்பது வருஷமாக நீ ஓடிய ஓட்டமெல்லாம் வீண் என்று நிரூபித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

வாலு

மார்ச் 14

வாலு,

கோபம் இல்லை. வெட்கம்தான்.

முதல் வாரம் நீ சொன்னபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஒருத்தி ஒரு ஷூவைக் கையில் எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, போய்விட்டேன். அதற்குப் பிறகு எல்லா நாளும் போனேன். ஒட்டடைக்குச்சி ஓரமாக நிற்க, அவன் வேலையையும் சேர்த்து நானே பார்த்தேன். வியாபாரம் கூடியது அதனால்தான். தாளில் மட்டும் அதை எழுதவில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்படியே கொடுத்துவிடு. யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

அக்கா

மார்ச் 18

அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரு நாள் முழுக்க உன்மேல் அவ்வளவு கோபம். மறுநாள் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பேராசிரியர்களையும் பார்த்தேன். பொய்யை வைத்து வாங்கிய பட்டத்தை உன் கையில் கொடுக்க என்னால் முடியாது.

பேராசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். வணிகத் துறைப் பேராசிரியர் ஒட்டிய கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தார். "இதும்மா ஆய்வு. மாத்திக்கிறேன்னு எல்லா முதலாளியும்தான் சொல்றாங்க. ஏன் மாத்திக்க முடியலன்னு எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார். பேராசிரியையும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர்கள் இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இனி ஆய்வு வாடிக்கையாளரைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றி. ஒவ்வொரு நாளும் எப்போது எழுந்து போனாய், அப்போது உனக்குள் என்ன ஓடியது என்று நீ எழுத வேண்டும். சம்மதத் தாள் இதோடு வருகிறது. உன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது, மறுத்தால் எனக்கு வருத்தமில்லை என்று எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். வருத்தமாகத்தான் இருக்கும், அக்கா.

வாலு

மார்ச் 25

வாலு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு எழுதியதில்லை.

கடை திறந்த முதல் வாரம், பேசக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றேன். ஓர் அம்மா எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு வேறு யாருமே வரவில்லை. நீ அப்போது ஏழாம் வகுப்பு. கடை எப்படி என்று கேட்டாய். நல்ல கூட்டம் என்று பொய் சொன்னேன். அன்றிலிருந்து யாராவது வாசல் பக்கம் திரும்பினால் என் கால் தானாகப் போகிறது. நீ நிறுத்தச் சொன்னபோது நிறுத்திவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு உதவுமென்றால் எழுதிக்கொள்.

அக்கா

ஏப்ரல் 29

என் அக்காவுக்கு,

என் வாய்மொழித் தேர்வுக்கு நீ வந்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் வாய் குழறியிருக்கும்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடுமையானவர். "இந்தக் கடைக்காரம்மா உண்மையத்தான் எழுதினாங்கன்னு எப்படி நம்புறது?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. அதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"அந்தக் கடைக்காரி நான்தான் சார். பதினெட்டுப் பக்கம்தான் குடுத்திருக்கேன். இன்னும் இருக்கு, கேளுங்க."

அதோடு விட்டாயா? கிட்டே வந்து, அவர் போட்டிருக்கும் ஷூ ஓர் அளவு சின்னது, விரல் மடங்கும் என்று வேறு சொன்னாய். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். அரங்கம் முழுக்கக் கைதட்டல். நான் இறங்கி வருவதற்குள் நீ பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டாய்.

தேறிவிட்டேன், அக்கா. இரண்டு துறையிலும் நான்தான் முதல். என் பெயரை எந்தத் துறைப் பலகையில் எழுதுவது என்று இப்போது பேராசிரியர்கள் இருவருக்கும் சண்டை.

பெரிய நிறுவனம் ஒன்று, கடைகளில் வேலை செய்கிறவர்களின் மனசைப் புரிந்துகொள்ள ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிடுகிறது. உனக்கு ஆள் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறதென்றால் சொல், கல்லாவுக்கே வந்துவிடுகிறேன். முழு மனசோடுதான் சொல்கிறேன்.

வாலு

மே 3

வாலுவுக்கு,

உன் கடிதத்தை ஒட்டடைக்குச்சியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். கடையில் நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் வாங்காமலே போனார்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். அழுகிற அழுகையில் எனக்கு அவர்கள் முகமே தெரியவில்லை. உன்னை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

நேற்றே கல்லாவுக்கு ஓர் ஆளைப் போட்டுவிட்டேன். இனி இங்கே உனக்கு இடம் கிடையாது.

உன் அக்கா