நீ எழுதிய கிளப் வரலாறும் எங்களிடம் சொன்ன பொய்யும்

அன்புள்ள தீபக் கண்ணுக்கு, அப்பா எழுதுவது. பீளமேட்டில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்பதற்கு முன்னால், நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்க வேண்டிய நிலைமையில் என்னை வைத்துவிட்டாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள், அதனால்தான் பட்டறையில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன். இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பிவிட்டு என் போனிலிருந்து அழித்துவிடுவேன்.

உக்ரைனில் நீ டாக்டருக்குப் படிக்கப் போன இரும்பாலை ஊரின் கால்பந்து கிளப்பைப் பற்றி வரலாறு எழுதியிருக்கிறேன், பிரிண்ட் எடுத்துப் படியுங்கள் என்று அனுப்பியிருந்தாய் அல்லவா. பரீட்சைக்குப் படிக்க வேண்டியவனுக்கு இது எதற்கு என்ற எரிச்சலோடுதான் காந்திபுரத்தில் பிரிண்ட் எடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் படித்து முடிக்க நான்கு நாள் ஆனது. உலையில் வேலை செய்தவர்கள் ஷிப்ட் முடிந்து கரி அப்பிய முகத்தோடு ஆடத் தொடங்கியதையும், பழைய யுத்தத்தில் பாதிப் பேர் திரும்பி வராமல் போக மிச்சப் பேரை வைத்து மறுபடி டீம் கட்டியதையும், பிற்பாடு ஆலை முதலாளி கைவிட்டு கிளப்பே கலைந்தபோது ஆட்டம் பார்க்க வந்த ஜனங்களே புதுப் பெயரில் அதைப் பதிவு செய்து கடைசி டிவிஷனிலிருந்து மேலே ஏற்றியதையும் நன்றாகவே எழுதியிருந்தாய். நானும் இரும்பு வார்க்கிறவன், எனக்கு அது புரிந்தது. இருபத்தாறாம் பக்கம் வரை உன்மேல் பெருமைதான்.

அடுத்த பக்கத்தில், போன ஜூன் மாதம் பயிற்சி நடக்கும்போது சைரன் அடித்தது, எல்லோரும் நிலவறைக்கு ஓடினோம், பக்கத்தில் குண்டு விழுந்து கண்ணாடி சிதறி கோல்கீப்பருக்குத் தொடை கிழிந்தது, நான்தான் கட்டுப் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நான் என்று! கிளப் டாக்டர் போர்முனைக்குப் போய்விட்டதால் ஒரு வருஷமாக நீதான் அந்த வேலையைப் பார்க்கிறாயாம். அதே ஒரு வருஷமாக எங்களிடம் என்ன சொன்னாய்? போலந்து எல்லைப் பக்கம் காலேஜ் மாறிவிட்டேன், இங்கே ஒரு சத்தமும் இல்லை என்று. நீ எழுதியதை நீயே மறந்துவிட்டு எனக்கு அனுப்பினாயா, இல்லை அப்பா எங்கே முழுசாகப் படிக்கப் போகிறார் என்று நினைத்தாயா, தெரியவில்லை.

போன வாரம் அன்னூரில் உன் அத்தை சாமியாத்தாள் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் யாரோ, "ஏனுங்க, பையன இன்னுமா அங்கயே உட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். அதற்கு உன் அம்மா, "அவன் இருக்கறது சண்டையில்லாத பக்கமுங்க, நம்ம கோயமுத்தூராட்டந்தானுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அந்தப் பக்கத்தை நான் படித்து அப்போது இரண்டு நாள். நான் குனிந்து இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். திரும்பி வரும்போது, "ஒண்ணுமே பேசாம வாரீங்க, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டாள். வெயில் என்று சொல்லிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் எதையும் மறைத்ததில்லை, இப்போது உன்னோடு சேர்ந்து நானும் பொய்க்காரன்.

அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பசங்களை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஆனால் தெரிந்து சண்டை போட்டிருப்பேன். உடனே கிளம்பி வா என்று இப்போது உத்தரவும் போடவில்லை. போட்டால் இன்னொரு ஊர் பேர் சொல்வாய்.

அவிநாசியப்பர் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். சைரன் அடித்தால் முதல் ஆளாக ஓடு, கட்டுப் போடுவதெல்லாம் பிறகு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன். கூப்பிட்டு அம்மாவிடம் நீயே சொல். அவள் அழுவாள், அழுது முடிக்கிற வரை போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
கோபத்தோடும் ஆசீர்வாதத்தோடும்
உன் அப்பா
தம்பிதுரை